காற்று தீர்வதற்குள்

கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே என்னிடம் கேட்பது தொப்பூர் இறக்கத்தைப் பற்றித்தான். தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் நீங்களும் வருகிறீர்கள். பயப்படுவது நல்லதுதான். ஆனால் பயம் ஒரு திசையை மட்டுமே பார்க்கும். எனக்கு நடந்தது இறக்கத்தில் இல்லை, ஏற்றத்தில். வண்டி ஓடிக்கொண்டும் இல்லை, நின்றுகொண்டிருந்தது. இந்தத் தொழிலில் நான் அதிகம் பயந்த நேரம், வேகத்தைக் காட்டும் முள் பூஜ்யத்தில் அசையாமல் இருந்த நேரம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நாற்பத்தொரு வயது வரை ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருந்தேன். நூலகத்துக்கு மாணவர்கள் வராததால் நிறையப் படிக்க முடிந்தது. பிறகு கல்லூரிக்கே மாணவர்கள் வராமல் போகவே, படிப்பதற்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. லாரி டிரைவர் என்றால் லோடு ஏற்றுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். என் காதில் அது வாசகசாலையின் வர்ணனையாகவே விழுந்தது. வீட்டில் சொன்னேன். “சைக்கிள்ல போனாவே மைல்கல்ல படிச்சிக்கிட்டுப் போயி பள்ளத்துல வுடறவரு நீங்க” என்றாள் என் மனைவி. அவள் வாக்கு பலித்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பிறகு பன்னிரண்டு வருடம் ஓட்டினேன். முதுகெலும்பில் ஒரு தட்டு நகர்ந்துவிட்டது என்று டாக்டர் போன வருடம் என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார். ஆகவே ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் உங்கள் முன் நிற்கிறேன். உட்கார்ந்தால் வலிக்கும்.

நான் பழகிய பயிற்சிப் பள்ளி தருமபுரி பைபாஸ் ஓரம் இருந்தது. பள்ளிக்கு ஒரே லாரி. மாஸ்டர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வாய் ஓயாதவர். அவர் ஓட்டாத ரோடு இந்தியாவில் இல்லை. சில ரோடுகளை அவர் ஓட்டிய பிறகுதான் போட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். என்னை ‘லைப்ரரி சார்’ என்று கூப்பிடுவார். நான் கியர் மாற்றும்போது கிளம்பும் சத்தத்தைக் கேட்டு, “சார், பக்கத்த மெதுவா திருப்புங்க” என்பார்.

என்னோடு பழகியவர்களில் பரிமளாவை மட்டும் சொன்னால் போதும். பொம்மிடிப் பக்கம். முப்பது வயது இருக்கும். சொந்த டிராக்டரைப் பத்து வருடமாக ஓட்டுகிறவர். ஏன் லாரி என்று கேட்டால், “டிராக்டரு போற தூரம் பத்தலைங்ணா” என்பார். அதற்கு மேல் காரணம் சொன்னதில்லை. கைகள் என் கால்களைவிட உறுதியானவை. அது பின்னால் தேவைப்படும்.

டெஸ்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாஸ்டருக்கு ஓர் எண்ணம் வந்தது. “காலி வண்டி ஓட்டிப் பழகறது கல்யாணம் ஆகாம குடும்பம் நடத்தற மாதிரிங்க. லோடு போட்டுப் பாக்கணும்.” எம்-சாண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தொப்பூருக்குப் போனோம். இறக்கத்தை மாஸ்டரே ஓட்டினார். கீழே வண்டியைத் திருப்பி, ஏற்றத்தை என் கையில் கொடுத்தார். உச்சி சாய்ந்த வெயில். நடுவில் பரிமளா, அந்தப் பக்க ஓரத்தில் மாஸ்டர். முதல் வளைவைத் தாண்டினோம், இரண்டாவதையும் தாண்டினோம். எஞ்சின் ஒருமுறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது.

பள்ளி ஓனர் எப்போதும் டாங்கின் அடி நனைகிற அளவுக்குத்தான் டீசல் ஊற்றுவார். நிறைய ஊற்றினால் யாராவது உறிஞ்சிவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சமதரையில் அந்த டீசல் குழாய்க்கு எட்டியது. ஏற்றத்தில், கூட்டத்தில் தள்ளிவிட்டது போல எல்லா டீசலும் டாங்கின் பின்மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எஞ்சினுக்குக் கிடைத்தது காற்று. காற்றைக் குடித்து எஞ்சின் ஓடாது.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது.

“மிதிச்சாச்சுங்களா?” என்றார் மாஸ்டர்.

“மிதிச்சிட்டேன்.”

“அப்டியே இருங்க. வுட்டு வுட்டு மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பங்கு காத்துப் போயிரும். ஒரே மிதி.”

லாரிக்குப் பிரேக் காற்றில் வேலை செய்கிறது என்பது முதல் வாரமே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எஞ்சின் ஓடினால்தான் காற்று ஏறும். எஞ்சின் நின்ற பிறகு மிச்சம் இருப்பதுதான் உங்கள் சொத்து. அது தீர்ந்தால் பெடல் வெறும் இரும்பு. அதனால்தான் லாரியில் இன்னோர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். காற்று இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகப் பின்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டாலும் கவ்வுவது அதே ஸ்பிரிங்தான். பாடம் எனக்கு மனப்பாடம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, நல்ல மாணவனின் குரலில், “போட்டுட்டேன் மாஸ்டர். கால எடுக்கட்டுங்களா?” என்றேன்.

மாஸ்டர் ஹேண்ட் பிரேக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“அது புடிக்காதுங் சார்.”

“ஏன்?”

“போல்ட்டுப் போட்டு வெச்சிருக்குது.”

விஷயம் இதுதான். பள்ளி லாரியில் ராத்திரியெல்லாம் காற்று கசிந்து, காலையில் ஸ்பிரிங் சக்கரத்தைக் கவ்விய நிலையில் நிற்கும். எஞ்சினைப் போட்டுக் கால் மணி நேரம் பொறுத்தால், காற்று ஏறி விட்டுவிடும். கால் மணி நேரம் எஞ்சின் சும்மா ஓடுவது ஓனருக்குத் தாங்கவில்லை. ஒரு மெக்கானிக்கை விட்டு ஸ்பிரிங்கை போல்ட்டால் இறுக்கி, இனி எப்போதும் கவ்வாதபடி கட்டிப்போட்டுவிட்டார். மாஸ்டருக்கும் அது தெரியும். காலையில் சீக்கிரம் கிளம்ப முடிகிறதே என்று இருந்துவிட்டார். ஆக எங்கள் பள்ளியின் இரண்டு சிக்கனங்கள் தொப்பூர் ஏற்றத்தில் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டன. அறிமுகம் செய்துவைத்தவன் நான்.

கியரில் போட்டு நிறுத்தலாமே என்று உங்களில் விவரம் தெரிந்தவர்கள் நினைப்பீர்கள். போட்டேன். எங்களைப் போன்ற எத்தனையோ பேர் மிதித்துத் தேய்த்த கிளட்ச் அது. லோடோடு கூடிய லாரியை அது பிடித்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது, என்னைப் பார்த்து வீட்டுக்குக் காவல் இரு என்பது போல.

மாஸ்டர் இறங்கி, கையைக் காட்டி ஒரு பைக்கை நிறுத்தினார். மேலே ஏறினால் பெட்ரோல் பங்க் உண்டு. கேனில் டீசல் வாங்கிவந்து ஊற்றி, குழாயிலிருக்கும் காற்றை எடுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பைக்கில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார். “நான் வர்ற வரைக்கும் கால மட்டும் எடுத்துராதீங்க சார். என்னா ஆனாலும்.”

பைக் போய்விட்டது.

பரிமளா சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டை தேடினார். வண்டியில் இருக்க வேண்டிய கட்டையை எரித்துக் குளிக்க வெந்நீர் வைத்துவிட்டதாகப் பள்ளி வாட்ச்மேனே பிறகு சொன்னார். கல் தேடினால், ரோட்டோரம் வீடு கூட்டினது போலச் சுத்தம். இடது பக்கம் கான்கிரீட் வாய்க்கால், அதை ஒட்டி மலையை வெட்டிய பாறைச் சுவர். பாறையிலிருந்து கல்லைப் பிய்க்க முடியாது. வாய்க்காலுக்குள் ஒரேயொரு கல் கிடைத்தது. தூக்கி வந்து பின்சக்கரத்தின் அடியில் செருகினார்.

“வெச்சிட்டங்ணா. ஆனா கல்லு அவ்ளோ சொகமில்ல. சுண்ணாம்புக்கல்லு மாதிரி இருக்குது.”

டாஷ்போர்டில் காற்றைக் காட்டும் முள்ளை அதற்கு முன் நான் சரியாகப் பார்த்ததில்லை. என் காலுக்குக் கீழே எங்கோ ஒரு ரப்பரின் வழியாக ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. பெடலை மிதித்திருக்கும் வரை அது நிற்காது. முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் இறங்கியிருந்தது. ஆயுள் முழுக்கப் படித்தவன் நான். அவ்வளவு கவனமாக எதையும் படித்தது கிடையாது.

அப்போதுதான் பின்னால் ஒரு குட்டியானை வந்து நின்றது. சின்னச் சரக்கு வண்டி. சரக்குக்குப் பதிலாக ஒரு காதுகுத்துக் கூட்டம். ஐந்தாறு பெண்கள், அலறிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, பாத்திரங்கள். எங்கள் வாலுக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடம்தான் இருந்தது. வலது பக்கம் லோடு வண்டிகள் இடைவெளி இல்லாமல் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. குட்டியானைக்குப் பின்னால் உடனே ஒரு லாரி, அதற்குப் பின்னால் இன்னும் பல. கண்ணாடியில் பார்த்தபடி, ஜன்னல் வழியாகக் காதைக் கொடுத்தேன்.

“ணா, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க. எங்க லாரியில பிரேக்கு சரியில்ல” என்றார் பரிமளா.

“பின்னால எங்க எடுக்கறது?” என்றார் குட்டியானை டிரைவர். “என் முதுகுமேல ஒருத்தன் நிக்கறான். நீங்க முன்னால எடுங்க.”

“முன்னால எடுக்க முடிஞ்சா உங்ககிட்ட வந்து எதுக்குப் பேசறன்?”

“பிரேக்கு இல்லாத வண்டிய எவன் ரோட்டுக்குக் கொண்டாரச் சொன்னது?”

“அத நெதானமா பேசிக்கலாம். ஆளுங்கள மொதல்ல எறக்குங்க. நீங்களும் எறங்குங்க.”

“நான் எப்படிம்மா எறங்கறது? நானும் பிரேக்கு மிதிச்சிக்கிட்டுதான் ஒக்காந்திருக்கறன். என் ஹேண்ட் பிரேக்கும் சந்தேகம்தான்.”

அந்த மலையில் அன்று எத்தனை பேருடைய உயிர் எத்தனை பேருடைய பாதத்தின் கீழ் இருந்தது என்று யோசித்தேன். மேற்கொண்டு யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பெண்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள். ஓர் ஆள் மட்டும் இறங்கவில்லை. வண்டியின் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். கழுத்தில் மாலை, தோளில் புதுத் துண்டு. குழந்தையின் தாய்மாமன். அன்றைய விழாவே அவர் மடியில்தான் நடந்திருக்கிறது.

“அவர எழுப்புங்க” என்றார் பரிமளா.

“எங்கண்ணன் இப்ப எந்திரிக்க மாட்டாருங்க” என்றாள் குழந்தையை வைத்திருந்த பெண். “மாமன் வந்தாச்சு, மாமன் வந்தாச்சுன்னு ஆளாளுக்கு ஊத்திக் குடுத்துட்டாங்க.”

“தூக்கி எறக்கலாம் வாங்க.”

“கெளம்பறப்ப அவர ஏத்தறதுக்கே நாலு ஆம்பளைங்க வந்தாங்க. அவங்க எல்லாம் பஸ்ல போயிட்டாங்க.”

பரிமளா ஏறி அவரை உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். அவர் கண்ணைத் திறக்காமல், “சீரு கொறையில்லாம செஞ்சாச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கல் உடைந்தது. அப்பளம் நொறுங்குவது போன்ற சத்தம். லாரி பின்னால் நகர்ந்தது. அரை அடிதான் இருக்கும். ஆனால் அந்த அரை அடிக்குள் என் கால் தானாக ஒருமுறை விட்டு, திரும்ப மிதித்துவிட்டது. மாஸ்டர் செய்யாதே என்றதைக் கால் என்னைக் கேட்காமல் செய்தது. லாரி நின்றது. முள் ஒரே தாவலில் சிவப்புக் கோட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கட்டில் போடுகிற இடம் பெஞ்சு போடுகிற இடமாகியிருந்தது. பின்னால் பெண்களின் கூச்சல். தாய்மாமன் அசையவில்லை.

மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

“கேன்ல ஊத்த மாட்டன்றாங்க சார். பேசிக்கிட்டிருக்கறன். பத்து நிமிசம்.”

“முள்ளு செகப்புகிட்ட வந்துருச்சு மாஸ்டர்.”

“கால எடுக்காதீங்க சார்.”

“நான் கால எடுக்கல. காத்துதான் எடுத்துக்கிட்டுப் போவுது.”

“எடுக்காதீங்க சார்” என்றார் மறுபடியும்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

அந்த நிமிடத்தில் எனக்கு மிகச் சுலபமான காரியம், காலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பது. மாஸ்டர் சொன்னார், நான் செய்தேன். பிறகு என்ன நடந்தாலும் என் மேல் குற்றம் இல்லை. லாரி தானாகப் போகும், குட்டியானை தானாக நசுங்கும், நான் காலை எடுக்கவில்லை என்று கோவிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்யலாம். உள்ளுக்குள் ஒரு குரல் மிக நியாயமாக இதையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. படித்தவன் என்பதால் அந்தக் குரல் நல்ல தமிழில் வேறு பேசியது.

ஆனால் முள் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குக் காற்று தாங்காது என்பது தெரிந்துவிட்டது. காற்று தீர்ந்த பிறகு இந்த லாரி எங்கே போகும் என்பதைச் சரிவு முடிவு செய்யும். இப்போதே விட்டால் நான் முடிவு செய்யலாம். எப்படியும் போகப்போகிற வண்டியை எங்கே அனுப்புவது என்பது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதற்கும் நேரம் கொஞ்சம்தான்.

இடது பக்கம் வாய்க்கால், அதற்கப்பால் பாறை. ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்துவிட்டுக் காலை எடுத்தால் வால் இடது பக்கம் போகும். பின்சக்கரம் வாய்க்காலில் விழும். பாறை பிடித்துக்கொள்ளும். லாரி கெடும். லைசென்ஸும் அதோடு போகும் என்று நினைத்தேன். சரி, போகட்டும். இடது கண்ணாடியைப் பார்த்தேன்.

பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். வாய்க்கால் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். பாறையின் நிழல் அங்கேதான் விழுந்திருந்தது. சித்திரை வெயிலில் ஆட்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் அவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக மாட்டார்கள். நிழலுக்குத்தான் போவார்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்திலும் இது வராது.

“பரிமளா, லாரிய அந்த வாய்க்கால்ல வுடப்போறன்.”

“அங்கியா? அங்க பொம்பளைங்க ஒக்காந்திருக்காங்க.”

“தெரியுதும்மா. அவங்கள லாரிக்கு முன்னால கூட்டிட்டுப் போயிடு. ஓடு.”

ஓடினார்.

“எல்லாரும் எந்திரிங்க. லாரிக்கு முன்னால வாங்க.”

“எறங்குன்ன, எறங்கினோம். இப்ப நெழல்ல ஒக்காந்தாலும் ஆவாதா உனக்கு?” இது ஒரு பருத்த அம்மாள்.

“முன்னாடியும் நெழல் இருக்குதுங்க.” முன்னால் ஒரு கைக்குட்டை அளவு நிழல்கூடக் கிடையாது.

“பாத்தா தெரியல.”

“அம்மா, லாரி வரப்போவுது இங்க. எந்திரிங்க.”

குரலில் என்ன கேட்டதோ, எழுந்தார்கள். எழுந்தவுடன் நகர்ந்தார்களா என்றால் இல்லை. ஒரு பெரிய அலுமினிய அண்டாவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள்.

“அண்டாவ வுடுங்க.”

“எப்படி வுடறது? அது எங்க நாத்தனா வூட்டு அண்டா.”

முள் சிவப்புக்குள் வந்துவிட்டது. பரிமளா அந்த அம்மாளின் கையைப் பிடித்து அண்டாவிலிருந்து பிய்த்தார். முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே லாரியின் மூக்கைத் தாண்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியில் இப்போது வாய்க்காலும் அண்டாவும் மட்டும்.

வலது பக்கம் ஊர்ந்துவந்த ஒரு டிரெய்லர்காரருக்கு எப்படியோ விஷயம் புரிந்துவிட்டது. வால் இடது பக்கம் போனால் லாரியின் மூக்கு வலது பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டு, அதற்கு இடம் விட்டு நின்றார். அவர் வண்டியின் நீளம் குட்டியானையை இன்னும் நன்றாக அடைத்துவிட்டது. நல்லது செய்கிறவர்களும் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அசையவில்லை. எஞ்சின் ஓடாவிட்டால் ஸ்டியரிங்கும் கல்தான். ஒரு காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு என் பலத்துக்கு அதை ஒரு சாண்கூடத் திருப்ப முடியவில்லை. பரிமளா கேபினில் தாவி ஏறி, முட்டிபோட்டு நின்று, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் தள்ள, அவர் இழுக்க, பற்களைக் கடிக்கிற சத்தத்தோடு அது திரும்பத் தொடங்கியது.

“டிராக்டருன்னு நெனச்சிக்கிட்டு இழும்மா.”

“டிராக்டரு இவ்ளோ மக்கர் பண்ணாதுங்ணா.”

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல வராது. வுடுங்க.”

காலை எடுக்க நினைத்தேன். வரவில்லை. இத்தனை நேரம் எடுக்காதே, எடுக்காதே என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அது நம்பிவிட்டது. தொடை மரத்துப்போயிருந்தது. பேன்ட்டைப் பிடித்து முட்டியை மேலே தூக்கினேன். என் காலை வேறொருவர் காலைப் போல அப்புறப்படுத்தினேன்.

லாரி நகர்ந்தது. முதலில் மெதுவாக. வலது கண்ணாடியில் குட்டியானை டிரைவரின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் வாயைத் திறந்திருந்தார். நகர ஆரம்பித்ததும் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. பரிமளா அதைக் கடைசி வரை இழுத்து, தன் உடம்பையே அதன் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டார். வால் திரும்பியது. கண்ணாடியில் அந்த முகம் ஒரு ஓரமாக நழுவிப் போனது. தட் என்று பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. என் தலை கூரையில் இடித்தது. பாறையில் இரும்பு உராயும் சத்தம். அப்புறம் மணல் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிகிற சத்தம். அப்புறம் எதுவும் இல்லை.

பழக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போனது.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். லாரி இடது பக்கம் சாய்ந்து, மலையில் தலை சாய்த்துத் தூங்குவது போல நின்றது. குட்டியானைக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் புகலாம், பருத்த ஆள் புக முடியாது. பின்சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவில் அண்டா. அண்டா என்று சொன்னால்தான் அண்டா. தோசைக்கல் மாதிரி ஆகியிருந்தது. பெண்கள் வந்து பார்த்தார்கள். அதற்குப் பக்கத்தில்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பருத்த அம்மாள் அண்டாவையும் பரிமளாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார். நாத்தனாரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாஸ்டர் கேனோடு வந்து இறங்கினார். “கால எடுக்க வேணாம்னு சொன்னனே சார்” என்றார்.

“சொன்னீங்க.”

லாரியைச் சுற்றிப் போனார். அண்டாவைப் பார்த்தார். குட்டியானைக்குள் எட்டி, மாலையோடு தூங்குகிறவரைப் பார்த்தார். திரும்பி வந்து, கேனைக் கீழே வைத்தார். கிரேனுக்குப் போன் போடுவார், ஓனரிடம் பேசுவார் என்று நினைத்தேன். கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ரொம்ப நேரம் திருகுகிற சத்தம். பிறகு டப்பென்று ஒரு சத்தம், இன்னொரு டப். ஸ்பிரிங் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. வாய்க்காலில் விழுந்து கிடக்கும் வண்டிக்கு இனி அது தேவையில்லைதான். வெளியே வந்து, முகத்திலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, “இனிமே காலையில ஒக்காந்திருப்போம் சார். கால் மணி நேரம் தான” என்றார். எந்த ரோட்டைப் பற்றியும் அதற்குப் பிறகு அன்று அவர் பேசவில்லை.

லைசென்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லாரி சரியாகி வந்த பிறகு டெஸ்ட் கொடுத்தோம். பரிமளா முதல் தடவையே தேறிவிட்டார். இப்போது கன்டெய்னர் ஓட்டுகிறார். போகும் தூரம் பத்துகிறதா என்று போனில் கேட்டால், “பரவால்லைங்ணா” என்கிறார். நான் முதல் தடவை தேறவில்லை. இன்ஸ்பெக்டர் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். என் கால் பிரேக்கை விட்டு வரவில்லை. “மலையில ஓட்டியிருக்கீங்களா?” என்று அவர் கேட்டதற்கு, “ஏத்தியிருக்கேன் சார், கொஞ்சம் எறக்கவும் செஞ்சிருக்கேன்” என்று உண்மையைச் சொன்னேன். இரண்டாம் தடவை பேசாமல் ஓட்டிக் காட்டினேன்.

நாளை காலை நீங்கள் எஞ்சினைப் போட்டதும் காற்று ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஸ்பிரிங்கில் யாராவது போல்ட் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். குனிய முடிகிற வயது உங்களுக்கு. ஒன்று கையை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டால், போகிற வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அதை எங்கே விடுவது என்று பாருங்கள். விடுவதற்கு முன் நிழலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அப்படி ஒருவேளை சரியாகச் செய்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லர் நகர்ந்து வழி கிடைத்ததும் பெண்கள் குட்டியானையில் ஏறினார்கள். ஏறுகிற ஆட்டத்தில் தாய்மாமன் விழித்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, சுற்றிலும் பார்த்தார். வாய்க்காலில் ஒரு லாரி. அதன் பக்கத்தில் நெற்றி வீங்கி, ஒற்றைக் காலை நொண்டிக்கொண்டு நான். குட்டியானை என்னைக் கடக்கும்போது தலையை வெளியே நீட்டினார்.

“ஏன்யா, இவ்ளோ பெரிய ரோடு இருக்குது. வாய்க்கால்லதான் வுடணுமா? வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எவன்யா லாரியக் குடுக்கறது?”

அவருடைய தங்கை என்னவோ சொல்லி அவரை உள்ளே இழுத்தாள். அவர் வாய் நன்றாக வேலை செய்தது. அவருடைய இரண்டு கையும் இரண்டு காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, “தப்புதாங்க” என்றேன்.